மேற்படி சத்தம் தொடர்பாக

பிளம்பருக்குக் கடிதம் வருவது வருடத்துக்கு ஒருமுறை. உரிம அட்டையைப் புதுப்பித்துக்கொள்ளும்படி குடிநீர் அலுவலகத்திலிருந்து வரும். இருபத்திரண்டு வருடத் தொழிலில் அதைத் தவிர வேறெதையும் அவருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. ஒழுகினால் போன் பண்ணுவார்கள்; ஒழுகுவது நின்றால் மறந்துவிடுவார்கள். ஆகவே ஊதா முத்திரை குத்திய நீள உறை ஒன்று வந்தபோது, அவர் மனைவி தைத்துக்கொண்டிருந்த தலையணை உறையை அப்படியே ஊசியடியில் விட்டுவிட்டு எழுந்து வந்தாள். பிளம்பர் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்ததால் அவளே பிரித்து வாசித்தாள்.

“மேற்படி முகவரியில் எட்டு மாதங்களாகக் குடியிருந்து வந்தவரும், வாரியப் பதிவு எண் நூற்றுப் பதினேழு கொண்டவருமான உடலற்றவரை, அவரது சம்மதம் பெறாமலும், முன்னறிவிப்பு தராமலும், ஸ்பேனர் முதலிய கருவிகளைக் கொண்டு, கடந்த செவ்வாய்க்கிழமை முற்பகல் பதினொன்றரை மணியளவில் தாங்கள் நிரந்தரமாக மௌனமாக்கிவிட்டதாகப் புகார் வந்துள்ளது.”

கீழே ‘அமானுஷ்ய ஆய்வு நெறிமுறை வாரியம்’ என்று அச்சிட்டிருந்தது. வெள்ளிக்கிழமை நேரில் வரவேண்டுமாம். வராவிட்டால் உரிம அட்டையை ரத்து செய்யும்படி குடிநீர் அலுவலகத்துக்குப் பரிந்துரை போகுமாம்.

“யாரைங்க மௌனமாக்கினீங்க?” என்றாள் மனைவி.

“வீட்டுலயே என்னால முடியல. வெளிய போய் யாரை மௌனமாக்கப் போறேன்?” என்றார் பிளம்பர். ஆனால் செவ்வாய்க்கிழமை, பதினொன்றரை மணி என்று யோசித்ததும் விஷயம் பிடிபட்டது.

அன்று அவர் போனது ஒரு கணக்கு டீச்சர் வீட்டுக்கு. ரிட்டயர் ஆனவர், கணவரும் போய்விட்டார், மாடி வீட்டில் தனியாக இருக்கிறார். சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று கூப்பிட்டிருந்தார். வாஷரை மாற்றிக்கொண்டிருக்கும்போது உள்ளே எங்கோ ‘டக், டக், டக்’ என்று சுவரை இடித்த மாதிரி மூன்று முறை கேட்டது. பிளம்பரின் காது தானாக அந்தப் பக்கம் திரும்பியது.

“அது என்னங்க டீச்சர்?”

“அது ஒண்ணுமில்ல. என் வீட்டுக்காரர்னு சொல்றாங்க.”

குளியலறைக் கதவில் குறுக்கும் நெடுக்குமாக மஞ்சள் நாடா ஒட்டியிருந்தது. நடுவில் ஒரு தாள்: ‘கண்காணிப்பில் உள்ள இருப்பிடம். உயிருள்ளோர் பிரவேசிக்கக் கூடாது.’ வெளியூரில் வேலை பார்க்கும் மகன் வாரியத்தில் எழுதிக் கொடுத்து, அவர்கள் வந்து ஒட்டிவிட்டுப் போனார்களாம். உடலற்றவருக்கும் அந்தரங்கம் உண்டு என்பது அவர்கள் கொள்கை. ஆகவே எட்டு மாதமாக டீச்சர் வாளியும் துண்டும் எடுத்துக்கொண்டு, முட்டி வலியோடு இருபத்தோரு படி இறங்கி, கீழ் வீட்டில் குளித்துவிட்டு இருபத்தோரு படி ஏறி வருகிறார்.

“நீங்க நம்புறீங்களா?”

“நான் கணக்கு டீச்சர்” என்றார் அவர். அது பதிலா இல்லையா என்று பிளம்பருக்குத் தெரியவில்லை.

அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். அந்தச் சத்தம் அவருக்குப் பழக்கமான சத்தம். நாடாவை ஒரு ஓரமாக உரித்து உள்ளே போய், சுவரில் காதை வைத்துக் கேட்டு, சரியான இடத்தில் ஒரு சாண் அகலத்துக்குப் பூச்சை உடைத்தார். உள்ளே மேலிருந்து கீழே போகும் குழாய் அசையாமல் இருக்க ஒரு பிடிப்பும் இல்லாமல், பல் ஆடுகிற மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு கிளாம்ப் போட்டு இறுக்கினார். இருபது நிமிடம். கீழ் வீட்டு வாஷிங் மெஷின் மறுபடி தண்ணீர் பிடித்து நிறுத்தியது. சத்தம் வரவில்லை.

டீச்சர் கதவோரம் நின்று கேட்டார். மறுபடியும் கேட்டார்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதாங்க.”

அவர் சந்தோஷப்படுவார் என்று பிளம்பர் எதிர்பார்த்தார். அவரோ பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு, டீ போட உள்ளே போனார்.

வெள்ளிக்கிழமை பிளம்பர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வாரிய அலுவலகத்துக்குப் போனார். மூன்றாவது மாடி. நீளமான அறை, நீளமான மேஜை. மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவர், ஏதோ பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்று, இன்னும் ஓய்வு பெற்றதை நம்பாதவர். இடது பக்கம் செயலாளர் அம்மா; யார் தும்மினாலும் நேரம் போட்டுக் குறித்துக்கொள்பவர். வலது பக்கம் கறுப்புக் கோட்டுக்காரர் ஒருவர், உடலற்றோர் பிரதிநிதி. எதிரே ஒரு மெத்தை நாற்காலி காலியாக இருக்க, பிளம்பர் போய் உட்காரப் போனார்.

“ஐயோ!” என்று மூன்று பேரும் எழுந்துவிட்டார்கள்.

“அது மேற்படியார் இருக்கை” என்றார் செயலாளர். “நீங்க அந்த ஸ்டூல்ல உக்காருங்க.”

பிளம்பர் மெத்தை நாற்காலியிடம் தன்னையறியாமல் “மன்னிச்சுக்கோங்க” என்று சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். குற்றவாளி வருத்தம் தெரிவித்ததாகச் செயலாளர் எழுதிக்கொண்டார்.

“சத்தத்தை நிறுத்தறதுக்கு முன்னாடி சம்மதம் வாங்கினீங்களா?” என்று ஆரம்பித்தார் தலைவர்.

“டீச்சர்கிட்ட சொல்லிட்டுத்தாங்க செஞ்சேன்.”

“அவங்க உயிரோட இருக்கறவங்க. அவங்க எங்க வரம்புக்குள்ள இன்னும் வரல. மேற்படியார்கிட்ட வாங்கினீங்களா?”

“அவரு செத்துட்டாருங்களே.”

பிரதிநிதி கண்களை மூடிக்கொண்டார்.

“அந்தச் சொல்லை எடுத்துடும்மா” என்றார் தலைவர், செயலாளரிடம். “‘உடல் துறந்தார்’னு போடு.” பிறகு பிளம்பரிடம், “பாருங்க, உங்களை நாங்க குத்தம் சொல்லல. உங்களுக்குப் பயிற்சி இல்ல. எங்க வாரியத்தை எடுத்துக்கோங்க. இருபத்தாறு வருஷமா இயங்குது. இத்தனை வருஷத்துல நாங்க ஒரு உடலற்றவரைக்கூடப் பார்த்ததில்ல. ஏன் தெரியுமா?”

பிளம்பருக்கு ஒரு காரணம் தோன்றியது. சொல்லவில்லை.

“அவங்க அந்தரங்கத்தை நாங்க அந்த அளவுக்கு மதிக்கிறோம். மத்த அமைப்பெல்லாம் கேமராவை எடுத்துக்கிட்டு ஓடும். நாங்க கதவைச் சாத்திட்டு வெளிய நிப்போம்.”

“என் கட்சிக்காரர் எட்டு மாசத்துல என்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல” என்றார் பிரதிநிதி, குரல் தழுதழுக்க. “என்மேல அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.”

பிளம்பர் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். வாஷிங் மெஷினில் வால்வு சட்டென்று மூடும். ஓடி வருகிற தண்ணீருக்கு நிற்க நேரம் இருக்காது. அது குழாயைத் தூக்கி அடிக்கும். குழாய்க்குப் பிடிப்பு இல்லாததால் சுவரில் இடிக்கும். கையால் நடித்தும் காட்டினார்.

தலைவர் பொறுமையாகக் கேட்டார். “எப்படித் தட்டினார்னு சொல்லிட்டீங்க. நல்லது. தட்டினது யாரு?”

“தண்ணிங்க.”

“தண்ணியைத் தட்ட வெச்சது?”

“கீழ் வீட்டம்மாவோட மெஷின்.”

“அந்த அம்மாவை, தினமும் சரியா பதினொரு மணிக்கு, மேற்படியார் உடல் துறந்த அதே நேரத்துல, துணி துவைக்க வெச்சது யாரு?”

கீழ் வீட்டில் எல்லோரும் வெளியே போன பிறகுதான் துவைக்க முடியும் என்று பிளம்பர் சொல்ல வாயெடுப்பதற்குள், ‘எதிர்த்தரப்பிடம் பதில் இல்லை’ என்று செயலாளர் எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டார்.

அப்போதுதான் பின் பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்தார். நாற்பது வயதிருக்கும். கசங்கிய ஆபீஸ் சட்டை. கையில் தடிமனான ஃபைல். டீச்சரின் மகன் என்று அந்த மூக்கைப் பார்த்தாலே தெரிந்தது. புகார் கொடுத்தது அவர்தான்.

“சார், ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அப்பா கோவத்தோடயே போயிட்டாரா?”

தலைவர் ஒரு அட்டவணையைப் புரட்டினார். “ரெண்டு தட்டல்னா தாகம். மூணுன்னா கோபம். நாலுன்னா முகவரி மாற்றம். உங்கப்பா எட்டு மாசமா மூணுதான் தட்டியிருக்கார். ஒருநாள்கூடக் குறையல. தீர்றதுக்குள்ள இவர் நிறுத்திட்டார். என்ன பண்றது, ஆறாத கோபம்னுதான் பதிவு பண்ண முடியும்.”

மகன் உட்கார்ந்தார். ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பிளம்பர் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு தலைவர் இருபது நிமிடம் பேசியது ஒன்றும் அவர் காதில் ஏறவில்லை. ஏழு நாளைக்குள் சத்தத்தைப் பழைய நிலைமைக்குக் கொண்டுவர வேண்டும், வாரியம் நேரில் வந்து சரிபார்க்கும், இல்லாவிட்டால் அட்டை போய்விடும் என்ற கடைசி வரி மட்டும் ஏறியது.

“ரெண்டு திருகைத் தளர்த்திட்டு வாங்க, முடிஞ்சுது” என்றாள் மனைவி, அன்று சாப்பிடும்போது. “அட்டை போச்சுன்னா தெருவுல ஒருத்தன் உங்களைக் குழாயைத் தொட விட மாட்டான்.”

“தளர்த்தினா இன்னும் ஆறு மாசத்துல குழாய் வெடிச்சுடும்.”

“வெடிச்சா உங்களைத்தானே கூப்பிடுவாங்க?”

அவள் பேச்சில் தப்பே கண்டுபிடிக்க முடியாது. பிளம்பர் மறுநாள் காலை பையை எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனார்.

டீச்சர் சாப்பாட்டு மேஜையில் வாரியத்தின் நெறிமுறைப் புத்தகத்தை விரித்துவைத்து, சிவப்புப் பேனாவும் கையுமாக இருந்தார். “அறுபத்து நாலு பக்கம்” என்றார். “இதுல ‘வீட்டில் வசிப்போர்’னு ஒரே ஒரு இடத்துல வருது. ஆய்வாளர்கள் வரும்போது ஒதுங்கி நிக்கணுமாம். நான் பரீட்சைப் பேப்பர்ல இதைவிட நல்ல உளறலெல்லாம் படிச்சிருக்கேன். இவ்வளவு நல்ல காகிதத்துல படிச்சதில்ல.”

பிளம்பர் நடந்ததைச் சொன்னார். ஸ்டூலைச் சொன்னபோது டீச்சர் சிரித்தார். அட்டவணையைச் சொன்னபோது சிரிப்பு நின்றது.

“கோபம்னா சொன்னாங்க? என் பையன்கிட்டயா?”

“ஆமாங்க.”

டீச்சர் பேனாவை மூடினார். மூடி சரியாக உட்காரவில்லை, மறுபடி மூடினார். “அவர் போன அன்னிக்கு இவன் கார்ல வந்துட்டு இருந்தான். வந்து சேர்றதுக்கு நாப்பது நிமிஷம் முன்னாடி முடிஞ்சுடுச்சு. அதைப் பத்தி நாங்க ரெண்டு பேரும் இதுவரைக்கும் பேசினதே இல்ல.” புத்தகத்தையும் மூடி வைத்தார். “முன்னெல்லாம் மாசம் ஒருதடவைதான் போன் பண்ணுவான். இந்தச் சத்தம் வர ஆரம்பிச்சதும் தினம் பண்ணினான். எடுத்ததும் ‘அம்மா, சத்தம் வருதா?’ன்னு கேப்பான். வருதுடான்னு சொல்லுவேன். வெச்சுடுவான். சும்மாவா படி இறங்கி ஏறினேன் எட்டு மாசம்? குழாய்க் கோளாறா இருக்கும்னு எனக்கு மட்டும் தோணலையா?”

“அப்போ அன்னிக்கு என்னைத் தடுத்திருக்கலாமேங்க.”

“தடுக்கணும்னுதான் நெனச்சேன். நீங்க காதைச் சுவத்துல வெச்சுட்டு நின்னதைப் பார்த்ததும் வாய் வரல.” டீச்சர் பெருமூச்சு விட்டார். “சாயங்காலம் போன் வந்துது. பொய் சொல்லத் தெரியல எனக்கு. வரலைடான்னு சொல்லிட்டேன். அன்னியோட சரி. நாலு நாளாச்சு.”

பிளம்பர் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தார்.

“கழட்டிடுங்க” என்றார் டீச்சர். “உங்க பொழப்பு கெடக்கூடாது. எனக்கும்... தட்டட்டும், பரவாயில்ல.”

பிளம்பர் குளியலறைக்குப் போனார். உடைத்த பூச்சுக்குள் தான் போட்ட இரண்டு கிளாம்பும் பளிச்சென்று இருந்தன. ஸ்பேனரைத் திருகில் பொருத்தினார். அரைச் சுற்று போதும். அவர் கை, அவர் ஸ்பேனர், அவர் போட்ட திருகு. மூன்றும் ஒத்துழைக்கவில்லை. அந்த ஃபைலை அணைத்திருந்த கைகள்தான் கண்ணில் நின்றன. அரைச் சுற்று விட்டால் அந்த மனிதன் ஆயுசுக்கும் அப்பாவிடம் திட்டு வாங்கிக்கொண்டிருப்பான்.

வெளியே வந்து, “முறுக்குன திருகைத் தளர்த்திப் பழக்கமில்லீங்க எனக்கு” என்றார். “அவங்க சரிபார்க்க வரட்டும். உங்க பையனையும் வரச் சொல்லுங்க. சத்தம் வேணும், அவ்வளவுதானே? தர்றேன்.”

ஏழாம் நாள் காலை பத்தரை மணிக்கு வாரியம் முழுதாக வந்து இறங்கியது. காலில் துணி உறை மாட்டிக்கொண்டு, மூச்சு வாங்க இருபத்தோரு படியும் ஏறி, வாசலில் நின்றுவிட்டது. உள்ளே வர மேற்படியாரிடம் அனுமதி கேட்க வேண்டும், விதி பதினாலு. தலைவர் கேட்டார். பதில் வரவில்லை. மௌனம் சம்மதம் என்றார் செயலாளர். விதி இருபத்திரண்டின்படி மௌனம் மறுப்பு என்றார் பிரதிநிதி. இரண்டு விதியும் ஒரே பக்கத்தில் இருந்தன. இருபத்தைந்து நிமிடம் படிக்கட்டில் நின்று வாதாடினார்கள். மகன் மட்டும் சுவரில் சாய்ந்து யாரையும் பார்க்காமல் நின்றார். கடைசியில் டீச்சர் வெளியே வந்து, “வீடு என் பேர்ல இருக்கு, உள்ள வாங்க” என்றார். அதை அவர்கள் ‘மூன்றாம் நபர் தலையீடு’ என்று குறித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

பிளம்பர் நேராக மகனிடம் போனார். “தம்பி, நீங்க வந்து இந்தக் குழாயைப் புடிச்சுக்கோங்க.”

“நானா?”

“ரெண்டு கையாலயும் புடிங்க. கடிக்காது.”

மகன் குழாயைப் பிடித்தார். பிளம்பர் இரண்டு கிளாம்பையும் கழற்றி, ஜன்னல் வழியாகக் கீழே பார்த்து, “அக்கா, இப்ப!” என்று கத்தினார். கீழ் வீட்டம்மா மெஷினில் தண்ணீரை ஓடவிட்டு நிறுத்தினாள். மகனின் கைக்குள் குழாய் உயிருள்ள மீன் மாதிரி துள்ளியது. டக், டக், டக்.

“வந்துட்டார்!” என்றார் பிரதிநிதி. கண்ணில் நீர் தளும்பியது. ‘11.10: உயிர்த்தெழுதல்’ என்று எழுதினார் செயலாளர். தலைவர் பிளம்பருக்குக் கை கொடுக்க முன்னால் வந்தார். அதற்குள் பிளம்பர் கிளாம்பைப் போட்டு இறுக்கி, “அக்கா!” என்றார். மெஷின் நின்றது. சத்தமில்லை.

“என்ன பண்ணீங்க?” என்று அலறினார் பிரதிநிதி. ‘11.13: மறைவு.’

“தம்பி, இந்தாங்க ஸ்பேனர். இந்தத் தடவை நீங்களே கழட்டுங்க.”

மகன் கழற்றினார். டக், டக், டக். ‘11.16: உயிர்த்தெழுதல்.’ மகன் இறுக்கினார். ‘11.19: மறைவு. இம்முறை மகன் கையால்.’ யாரும் சொல்லாமலே மறுபடி கழற்றினார். மறுபடி இறுக்கினார். நெற்றியில் வியர்வை வழிய, கணக்கு வராத பையன் விடையைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். செயலாளருக்கு எழுதிக் கை வலித்தது. ஒரே ஆளை ஒரு காலையில் எத்தனை முறை சாகவிடலாம் என்பதற்குப் புத்தகத்தில் வரம்பு இல்லை என்று அவர் தலைவரின் காதில் சொன்னார்.

கீழ் வீட்டம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. “இன்னும் எத்தனை தடவைங்க? எனக்கு வேற வேலை இல்லையா?” என்று கத்திவிட்டு, மெஷினுக்குப் போகும் குழாயையே படாரென்று அடைத்தாள். அப்போது கிளாம்ப் கழன்றிருந்தது. டக், டக், டக், டக்.

“நாலு!” என்றார் பிரதிநிதி.

“நாலா?”

“நாலுதான் சார். நான் எண்ணினேன். முகவரி மாற்றம்!”

தலைவர் முகம் மலர்ந்தது. மேஜை இல்லாத இடத்திலும் மேஜைக்குப் பின்னால் நிற்பதுபோல் நின்றுகொண்டு பேசினார். “பதிவு எண் நூற்றுப் பதினேழு, தம் சொந்த விருப்பத்தின் பேரில், முறைப்படி அறிவித்துவிட்டு, இங்கிருந்து வெளியேறியிருக்கிறார். வாரியத்தின் வரலாற்றில் இது முதல் முறை. எட்டு மாதமாக நாம் எதுவுமே செய்யாமல் காத்த பொறுமைக்குக் கிடைத்த வெற்றி இது.”

பிரதிநிதி கை தட்டினார். அப்போது மகன் கேட்டார், குழாயிலிருந்து கையை எடுக்காமலே: “அப்போ கோவம்?”

“அது முந்தைய முகவரி சார்ந்த விஷயம். கோப்பை முடிச்சாச்சு.”

“எட்டு மாசமா எனக்குத் தூக்கம் இல்ல சார். அப்பா என்மேல கோவமா இருக்கார்னு எழுத்துல கொடுத்தீங்க. இதுக்கு யாரு பொறுப்பு?”

தலைவர் புத்தகத்தைப் புரட்டினார். உண்மையாகவே தேடினார். “பொறுப்பு... அது ஒன்பதாவது அத்தியாயம். இன்னும் எழுதல. அதுக்கு ஒரு குழு போட்டிருக்கோம்.”

மகன் பிளம்பரைப் பார்த்தார். “அண்ணே, நீங்க சொல்லுங்க. இது அப்பா இல்லையா? அவர் கோவமா இல்லையா?”

“கோவத்தைப் பத்தி எனக்குத் தெரியாது தம்பி. உங்கப்பாவை நான் பார்த்ததில்ல” என்றார் பிளம்பர். “குழாய்க்குக் கிளாம்ப் இல்ல. அது மட்டும் நிச்சயம்.”

கதவோரம் நின்றிருந்த டீச்சர் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

“மெதுவா வரச் சொல்லுன்னார்டா.”

“என்னம்மா?”

“அன்னிக்கு. நீ வந்துட்டு இருக்கேன்னு சொன்னேன். ‘மழை பெய்யுது, அவன் பிரேக்கை நம்பி ஓட்டுறவன், மெதுவா வரச் சொல்லு’ன்னார். அவர் பேசினது அதான் கடைசி. போன்ல உனக்குச் சொல்லலாம்னு எடுத்தேன். அதுக்குள்ள நர்ஸ் கூப்பிட்டுட்டாங்க.”

“ஏம்மா இத்தனை நாள் சொல்லல?”

“நீ கேக்கலையே. சத்தம் வருதான்னுதானே கேட்டே.”

மகன் குழாயை விட்டார். குளியல் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. அழுகை என்பது விதிப்புத்தகத்தில் எந்தப் பிரிவிலும் வரவில்லை போலும். வாரியத்தார் மூவரும் காலில் துணி உறையோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு செயலாளர், உயிருள்ளோர் தனிமை வேண்டும் நிலையில் உள்ளார்கள், ஆய்வுக்கு ஒத்துழைப்பு இல்லை என்று குறித்துக்கொள்ள, ஓசைப்படாமல் படியிறங்கிப் போனார்கள். மஞ்சள் நாடாவை மட்டும் மறக்காமல் சுருட்டி எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வீட்டுக்கு வேண்டுமாம். பிளம்பர் இரண்டு கிளாம்பையும் மறுபடி போட்டு இறுக்கினார்.

மௌனமாக்கிய குற்றச்சாட்டைக் கைவிட்டாலும், மேற்படியாரை வீடு மாறும்படி தொந்தரவு செய்ததாகப் பிளம்பர் மீது ஒரு பரிந்துரை குடிநீர் அலுவலகத்துக்குப் போனது. அவரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். மனைவியும் கூடவே போனாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த குமாஸ்தா நாலு பக்கக் கடிதத்தையும் விரல் நக்கி நக்கிப் படித்தார்.

“குழாய்ல சத்தம் வந்துதுன்னு போட்டிருக்கு. நீங்க போனதும் நின்னுடுச்சுன்னு போட்டிருக்கு. அப்படித்தானே?”

“ஆமாங்க.”

“அப்புறம் எதுக்குப் புகார்?”

“தெரியலீங்க.”

குமாஸ்தா கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். ஒன்றுமில்லை. ‘பணி திருப்திகரம்’ என்று ஓரத்தில் எழுதி ஒரு கட்டுக்குள் செருகினார். “எங்க வீட்டுலயும் இப்படி ஒண்ணு தட்டுது. எப்ப வர்றீங்க?” என்றார். பிளம்பர் பதில் சொல்வதற்குள் மனைவி ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லிவிட்டாள்.

வாரியத்தின் ஆண்டறிக்கை பிறகு வந்ததாம். ஒரே காலையில் உயிர்த்தெழுதலும் மறைவுமாகப் பதினொரு நிகழ்வுகளைப் பதிவு செய்த சாதனைக்காகத் தலைவருக்கு மேலும் மூன்று வருடம் நீட்டிப்பு கிடைத்ததாம். பிளம்பர் அதைப் படிக்கவில்லை.

வாரியம் வந்துபோன பத்தாம் நாள் அவர் டீச்சர் வீட்டுக்குப் போனது, உடைத்த சுவரைப் பூச ஆள் வேண்டுமா என்று கேட்கத்தான். கதவைத் திறந்தது மகன். லீவு போட்டுவிட்டு இருந்துவிட்டாராம். முழங்கை வரை சிமெண்ட், முடியிலும் கொஞ்சம். “வாங்கண்ணே, நானே பூசிட்டேன்” என்று குளியலறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். டீச்சர் துண்டைத் தோளில் போட்டபடி, குளிக்க வரிசையில் நிற்பவர் மாதிரி வெளியே காத்துக்கொண்டிருந்தார். “ரெண்டு நாளா பூசிட்டு இருக்கான்” என்றார். “முடிஞ்சுடுச்சுன்னு சொன்னாத்தான் நான் குளிக்க முடியும்.”

பிளம்பர் பார்த்தார். பூச்சு ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். ஓரமெல்லாம் நாய் நக்கின தட்டு மாதிரி இருந்தது. மட்டமான வேலையைக் கண்டால் சொந்த மச்சான் என்றும் பார்க்காமல் வெளுத்து வாங்குகிறவர் அவர். இருபத்திரண்டு வருடமாக அடுத்தவன் பூச்சைப் பார்த்து ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. உள்ளங்கையை அதன்மேல் வைத்து, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு மெதுவாக ஒரு தடவு தடவினார். மகன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நல்லா வந்திருக்கு தம்பி” என்றார் பிளம்பர். “நீங்க குளிங்க டீச்சர்.”